ஆஸ்பத்திரிக் கஞ்சியும் படுக்கையில் இருப்பவர் சந்திப்பும்: அன்பியம் சார்பில் எப்படித் தொடங்குவது? (கடலூர்)

மஞ்சக்குப்பம்_அன்பியம்:

இயேசுவுக்கே புகழ். எங்கள் அன்பியத்தில் (பங்குக் கோயிலைச் சேர்ந்த பக்கத்து வீட்டாரின் சிறு குழு) 22 குடும்பம். கிறிஸ்துமஸுக்கும் தவக்கால முடிவிலும் பிரியாணிப் பொட்டலம் கட்டி ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் கொடுப்பது வழக்கம். அன்றைக்குப் பார்த்து இன்னும் மூன்று நான்கு குழு அதே இடத்துக்கு வந்து நிற்கும். ஒரே ஆள் கையில் மூன்று பொட்டலம், மிச்சம் குப்பைத் தொட்டியில். மறுநாள் விடிகாலை போய்ப் பார்த்தால் நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர்கள் டீக்கும் பன்னுக்கும் சில்லறை எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்தத் தவக்காலத்தில் பொட்டலத்தை நிறுத்திவிட்டு வருஷம் முழுக்க நடக்கிற மாதிரி ஏதாவது செய்யலாம் என்று கூட்டத்தில் முடிவானது. இரண்டு யோசனை இருக்கிறது: (1) வாரம் சில நாள் காலையில் அரசு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களுக்குக் கஞ்சி. (2) எங்கள் பகுதியில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது. மதம் பார்க்காமல்தான்.

கையில் இருப்பது: மாதம் 6,500 ரூபாய் திரளும். விடிகாலையில் வரக்கூடியவர்கள் 5 பேர், மாலையில் 6 பேர். பெரிய வெள்ளிக்குக் கஞ்சி காய்ச்சுகிற 50 லிட்டர் அண்டா பங்குக் கோயிலில் உண்டு. நூறு பேருக்கு அளவு, செலவு, எதில் சறுக்கும், படுக்கையில் இருப்பவர் வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது, இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "நல்ல காரியம், வாழ்த்துகள்" மட்டும் வேண்டாம்.

முதுநகர்_அடுப்படி:

கஞ்சிக்கு மட்டும் நான் சொல்றேன்.

ஒரு ஆளுக்கு 300 மில்லி. நூறு பேருக்கு 30 லிட்டர். அதுக்கு பச்சரிசி நொய் 3 கிலோ, பாசிப்பருப்பு அரை கிலோ, வெந்தயம் 50 கிராம், உரிச்ச பூண்டு 200 கிராம், சீரகம் ஒரு கைப்பிடி. தண்ணி மொத்தம் 30 லிட்டர். ஆனா எல்லாத்தையும் அண்டாவில் ஊத்தாதீங்க. 26 லிட்டர் அண்டாவில், 4 லிட்டர் தனியா கொதிக்க வெச்சு மூடி வையுங்க. நொய்க் கஞ்சி இறக்கி அரை மணி நேரத்தில் இறுகிடும். வாசல்ல போய் நிக்கும்போது கரண்டியில் விழாத கஞ்சியைப் பச்சைத் தண்ணி ஊத்தித் தளர்த்துறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. தளர்த்துறதா இருந்தா கொதிநீர் மட்டும்.

6.30-க்குக் கொடுக்கணும்னா 4.30-க்கு அடுப்பு பத்த வைக்கணும். பெரிய பர்னர்லயே 26 லிட்டர் கொதி வர முக்கால் மணி ஆகும். வெந்தயம் முதல் நாள் ராத்திரியே ஊறணும், இல்லேன்னா கசப்பு தனியா தெரியும். கொதி வந்ததும் பருப்பு, வெந்தயம், பூண்டு. பருப்பு பாதி மலர்ந்ததும் நொய்யைக் கழுவித் தூவினாப்புல போடணும். ஒரே இடத்தில் கொட்டினா அடியில் கட்டியாகி அங்கதான் முதல்ல பிடிக்கும். அதுக்கப்புறம் 25 நிமிஷம் தீயைக் குறைச்சு, துடுப்பு அடியில் படுற மாதிரி கிளறிட்டே இருக்கணும். ஒருத்தருக்கு இது மட்டும்தான் வேலை. அவரைக் காய் நறுக்கவோ போன் எடுக்கவோ விடாதீங்க.

அடிப்பிடிச்ச வாசனை வந்துட்டா சுரண்டக் கூடாது, கிளறவும் கூடாது. மேல இருக்கிறதை மட்டும் வேற பாத்திரத்துக்கு மாத்துங்க. சுரண்டினா முப்பது லிட்டரும் போச்சு.

உப்பு 150 கிராமோட நிறுத்திக்குங்க. மிச்சத்தை டப்பாவில் வெச்சா வேணுங்கிறவங்க போட்டுக்குவாங்க. பிரஷர்காரங்க நிறைய பேர் வருவாங்க. தேங்காய்ப்பால் வேண்டவே வேண்டாம். ருசி கூடும், உண்மைதான், ஆனா கடலூர் வெயிலுக்குச் சீக்கிரம் கெடும். தொட்டுக்கக் கடலைப்பருப்பு, மிளகாய், புளி வெச்சு அரைச்ச துவையல், தேங்காய் இல்லாம. நூறு பேருக்கு ஒரு கிலோ துவையல் தாராளம்.

கொண்டு போறதுக்கு 20 லிட்டர் எவர்சில்வர் பால் கேன் இரண்டு, மேலே கனமான போர்வை. ஆவி பறக்கிற சூட்டோட கொடுத்து முடிக்கணும். இறக்கினதிலிருந்து இரண்டு மணி நேரம்தான் கணக்கு. மிஞ்சினதை "சாயங்காலம் சுட வெச்சுக் கொடுக்கலாம்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. வெதுவெதுப்பா கிடக்கிற அரிசிச் சோத்தில் பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி வளரும். அது விடுற நஞ்சு திரும்பச் சுட வெச்சாலும் போகாது. கேன் காலியாகலேன்னா அடுத்த முறை நொய்யைக் குறைங்க.

ஒரு டம்ளர் கஞ்சியை மூடி போட்டு ஃபிரிட்ஜில் ஒரு நாள் எடுத்து வையுங்க. யாருக்காவது வயித்தைப் புரட்டுச்சுன்னா உங்க கஞ்சியாலயா இல்லையான்னு சோதிக்க அதுதான் கையில் இருக்கும். பேப்பர் கப் வாங்காதீங்க. உள்ளே பிளாஸ்டிக் பூசின கப்புக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. துணைக்கு இருக்கிறவங்ககிட்ட சொம்பு, தூக்கு எப்பவும் இருக்கும், அதிலேயே ஊத்துங்க. இல்லாதவங்களுக்கு 20 எவர்சில்வர் டம்ளர், கழுவ ஒரு வாளி வெந்நீர்.

செலவு கேஸோட சேர்த்து ஒரு நாளைக்கு 400-லிருந்து 500-க்குள்ள அடங்கும். வாரம் இரண்டு நாள்னா மாசம் 4,000. அஞ்சு பேரை வெச்சுக்கிட்டு வாரம் ஆறு நாள்னு ஆரம்பிச்சீங்கன்னா மூணாவது வாரம் அண்டா கழுவ ஆள் இருக்காது.

புதுவை_வார்டுபக்கம்:

சமையல் பக்கம் முடிந்தது, ஆஸ்பத்திரிப் பக்கத்தை நான் சொல்கிறேன். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் விடிவதற்கு முன்பே கடலூர், விழுப்புரத்திலிருந்து வந்து வரிசையில் நிற்பார்கள். அங்கே கஞ்சி கொடுக்க நினைப்பவர்களுக்கும் இதே விதிதான்.

முதலில் அனுமதி. நிலைய மருத்துவ அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: யார், எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த இடம், என்ன உணவு, பொறுப்பாளர் இருவரின் தொலைபேசி எண். "தினமும்", "தேவையானபோது" என்று எழுதாதீர்கள், கிழமையை எழுதுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவும் தேவைப்படும். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் லாபம் இல்லாமல் உணவு கொடுப்பதையும் உணவுத் தொழில் என்றுதான் சொல்கிறது. "நாங்கள் தர்மம்தானே செய்கிறோம்" என்ற வாதம் அங்கே எடுபடாது.

உள்நோயாளிக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு உண்டு. கஞ்சி துணைக்கு இருப்பவருக்கு மட்டும். நோயாளியே கையேந்தினால் மனசு கேட்காது, ஆனாலும் வார்டு நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊற்றாதீர்கள். காலையில் ஆபரேஷனுக்குப் போகிறவர் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். குடித்துவிட்டு மயக்க மருந்து கொடுத்தால் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். வெளிநோயாளி வரிசையில் நிற்பவரிடம் முதல் கேள்வி, "ரத்தம் கொடுத்தாச்சா?" வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனைக்காக ஊரிலிருந்து பட்டினியாக வந்தவருக்கு நாம் கஞ்சியை ஊற்றினால் அவர் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். கேனில் ஒரு அட்டை கட்டி இதை எழுதித் தொங்கவிடலாம். ஆனால் அட்டையை யாரும் படிப்பதில்லை, வாயால் கேளுங்கள்.

இன்னொன்று. வாசலில் நின்றால் வாசலுக்கு வர முடிந்தவர்கள்தான் வருவார்கள். பிரசவ வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாவும் மாமியாரும் எந்த நேரமும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலிலும் அப்படித்தான். இரண்டு கேனில் ஒன்று வாசலில் நிற்கட்டும், ஒன்று நடக்கட்டும்.

செவிலி_தேவனாம்பட்டினம்:

இரண்டாவது கேள்விக்கு. படுக்கையில் இருப்பவர் வீட்டுக்குப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவது பழக்கம். அந்த வீட்டுக்கு அதைவிடத் தேவை, பார்த்துக்கொள்கிற மகளோ மருமகளோ இரண்டு மணி நேரம் வெளியே போய்வர ஒரு ஆள். ரேஷன் கடை, பேங்க், தலைக்குக் குளிப்பது, அல்லது சும்மா தூங்குவது. "செவ்வாய் 4 முதல் 6 வரை நாங்கள் இருக்கிறோம்" என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் பார்க்க வேண்டியது படுக்கைப் புண். இடுப்புக்குக் கீழே வால் எலும்பு, குதிகால், இடுப்பின் இரு பக்கம், தோள்பட்டை, பின்னந்தலை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் புண் ஆரம்பித்துவிட்டது. நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள், அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். சிவந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்வது நல்லது என்று வீட்டில் நினைப்பார்கள். அடியில் ஏற்கெனவே நசுங்கியிருக்கும் சதை தேய்த்தால் இன்னும் கிழியும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ஒரு தாளில் 6 இடது, 8 மல்லாக்க, 10 வலது என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், அதுவே பாதி வேலை. பக்கவாட்டில் முழுக்கச் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். முழுக்கச் சாய்த்தால் இடுப்பு எலும்பு மேல் எடை விழும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தொங்க வேண்டும். ஆளைப் பிடித்து இழுத்து மேலேற்றாதீர்கள், தோல் உராய்ந்து உரியும். பழைய நூல் புடவையை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை விரித்து வைத்தால், பக்கத்துக்கு ஒருவர் பிடித்துத் தூக்கி நகர்த்தலாம். அதனால்தான் எப்போதும் இரண்டு பேராகப் போகச் சொல்வது. பெண்ணுக்குத் துணி மாற்றும்போது பெண்கள் மட்டும்.

ஏர் பெட் வாங்கிக் கொடுக்கும் குழுக்கள் இருக்கின்றன, நல்லதுதான். கொடுத்தவுடன் ஒன்று சோதியுங்கள். ஆள் படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேர்கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழையுங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. அதன்மேல் ஒரே ஒரு பருத்தி விரிப்பு. ரப்பர் ஷீட், போர்வை, பெட்ஷீட் என்று நாலு அடுக்கினால் ஏர் பெட் இருந்தும் இல்லாத மாதிரி. உட்காரக் காற்று வளையம் கொடுக்காதீர்கள், ஓட்டையைச் சுற்றி அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

புண் திறந்திருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம். மஞ்சள், காபித்தூள், பவுடர் போட்டிருந்தால் வீட்டாரைத் திட்டாமல், கழுவி நிறுத்தச் சொல்லுங்கள். கறுத்திருந்தாலோ நாற்றம், காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே செவிலியரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலித் தணிப்புச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சை, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும், பல வீட்டுக்கு இது தெரியாது. ஒரு குடும்பத்துக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அந்தப் பெயர்ப் பதிவாகவே இருக்கலாம். (புதுச்சேரி எல்லைக்குள் போனால் திட்டம் வேறு. கன்னியக்கோவில் வந்தாலே அரசாங்கமே வேறு, அங்குள்ள சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.)

சாப்பாடு ஊட்டினால் நன்றாக உட்காரவைத்து ஊட்டுங்கள், முடிந்து அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமினால் நிறுத்திவிட்டு நர்ஸிடம் சொல்லுங்கள், "மெல்ல மெல்ல" என்று தொடராதீர்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதன் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. புரட்டும்போது பையைப் படுக்கை மேல் தூக்கி வைத்துவிட்டு மறந்துபோவது அடிக்கடி நடக்கும்.

ஆற்காடு_லுத்தரன்:

ஸ்தோத்திரம். சபை வேறானாலும் கஞ்சி ஒன்றுதான். இரண்டு காரியம்.

டம்ளரோடு வசனச் சீட்டு கொடுக்கலாமா என்று உங்கள் கூட்டத்தில் கேள்வி வரும், வராமல் இருக்காது. கொடுக்காதீர்கள். பசியில் நிற்கிறவர் சீட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் நீட்டுவது நற்செய்தி ஆகாது. அனுமதி ரத்தாகும் என்பதும் உண்மை, ஆனால் அது இரண்டாவது காரணம். பேனர், பனியன், வாட்ஸப் போட்டோவுக்கும் இதே பதில். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்ற கட்டளை உள்ள நாமே பேனரில் பங்கு, அன்பியம், நன்கொடையாளர் என்று மூன்று வரி போடுகிறோம்.

வீட்டுச் சந்திப்பில் ஜெபம் வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதுவும் கடைசியில், இரண்டு நிமிஷம். போனவுடன் ஆரம்பித்தால் வந்த வேலை ஜெபம் என்றாகிவிடும், ஈரத் துணியோடு படுத்திருப்பதை அவர் சொல்ல மாட்டார். "கர்த்தர் சோதிக்கிறார்", "உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்" இரண்டையும் வாயில் எடுக்க வேண்டாம்.

அடுத்தது, யார் விடுபடுகிறார்கள் என்பது. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள், முறுமுறுப்பு வந்தது. "பொறுமையாக இருங்கள்" என்று யாரும் உபதேசம் செய்யவில்லை. ஏழு பேரைப் பொறுப்பில் வைத்தார்கள். அந்த ஏழு பேரின் பெயரைப் படியுங்கள், எல்லாமே கிரேக்கப் பெயர். யார் குறை சொன்னார்களோ அவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே கரண்டி போனது. உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் வேண்டும். எந்த வார்டில் யார் இரவு சாப்பிடவில்லை என்பது அங்கு பெருக்குகிற அம்மாவுக்குத்தான் தெரியும். மாதம் ஒருமுறை அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படுக்கையில் இருப்பவர் பட்டியல் போடும்போது கோயிலுக்கு வருகிற குடும்பம் மட்டும் வரிசையாக வந்தால், பட்டியல் தப்பு.

கணக்கு_முத்தியால்பேட்டை:

பணத்தை எப்படிக் கையாளுவது என்று யாரும் பேசவில்லை, குழுக்கள் உடைவது அதில்தான்.

வின்சென்ட் தே பவுல் சபையார் (ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கச் சங்கம்) 1833-இல் பாரிஸில் ஆரம்பித்த நாளிலிருந்து வைத்திருக்கும் முறை இன்றும் நல்ல முறை: வாராந்தரக் கூட்டம், இரண்டு பேராக வீட்டுச் சந்திப்பு, கூட்ட முடிவில் பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாது. வீட்டுப் பெயரைக் கூட்டத்துக்கு வெளியே சொல்ல மாட்டார்கள். உங்கள் பங்கில் கிளை இருந்தால் தனியாக ஆரம்பிக்காமல் அதில் சேருங்கள்.

ஒரு நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, பில் எண்ணோடு. பணம் வைத்திருப்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர். மாத முடிவில் மூன்றாவது ஆள் எண்ணிப் பார்க்க வேண்டும். 6,500-இல் 500-ஐத் தொடவே தொடாமல் வையுங்கள், மழைக்காலத்தில் வேண்டியிருக்கும்.

உதவியைக் கையில் காசாகக் கொடுக்காதீர்கள். இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியர் காயம்பட்டவர் கையில் பணம் வைக்கவில்லை. சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் (வெள்ளிக்காசு) கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றார். அதே கணக்கை ஒரு மருந்துக் கடையில் வையுங்கள்: உங்கள் சீட்டு காட்டினால் மாதம் இவ்வளவு ரூபாய் வரை மருந்து, மாத முடிவில் நீங்கள் கட்டுவீர்கள். அதற்கு முன் அந்த மருந்து அரசு ஆஸ்பத்திரியிலோ முதல்வர் மருந்தகத்திலோ கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள்.

புதுவைக்கே உரிய ஒரு வம்பு உண்டு. இங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் அதிகம். ஒயிட் டவுனில் மட்டுமில்லை, கடலூரிலும் அவர்களுக்கு உறவுகள் இருக்கும். அவர் உங்கள் தெருவிலேயே இருந்து ரூபாயாகக் கொடுத்தாலும், குடியுரிமை பிரெஞ்சு என்றால் சட்டப்படி அது வெளிநாட்டுப் பங்களிப்பு. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாத குழு அதை வாங்கக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் இதேதான். துபாயில் வேலை செய்யும் உங்கள் மருமகன் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. பிரெஞ்சுப் பென்ஷன் தாத்தா உதவ ஆசைப்பட்டால், பதிவு உள்ள மறைமாவட்டச் சமூகப் பணி அமைப்பிடம் அவரை அழைத்துப் போங்கள்.

செவிலி_தேவனாம்பட்டினம்:

@கணக்கு_முத்தியால்பேட்டை, கடைக் கணக்கு யோசனை சரி, காரணம் சரியில்லை. சாலையில் கிடந்தவர் குற்றுயிராகக் கிடந்தார், அதனால் சாவடிக்காரரிடம் கொடுத்தார். சுயநினைவோடு குடும்பம் நடத்துகிற பெண்மணிக்கு எது முதலில் வேண்டும் என்று தெரியும். பஸ் காசு, கேஸ் சிலிண்டர், பிள்ளைக்கு நோட்டு, இதெல்லாம் மருந்துக் கடையில் கிடைக்காது. குடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லாரையும் சீட்டோடு கடை வாசலில் நிறுத்தினால் தெருவே பார்க்கும். மருந்துக்குக் கடைக் கணக்கு, மற்றதற்குச் சிறு தொகை உறையில், வீட்டை நடத்துகிறவர் கையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு_முத்தியால்பேட்டை:

உறையில் கொடுத்தால் வவுச்சரில் இரண்டு பேர் கையெழுத்து போடுங்கள், வாங்கியவரிடம் கேட்காதீர்கள். அதுவரை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. முதியவர் ஏடிஎம் அட்டையைக் கொடுத்துப் பணம் எடுத்து வரச் சொல்வார். வாங்காதீர்கள், பின் நம்பரைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளாதீர்கள். உயில், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் வேண்டாம். வீட்டில் அடிப்பது, பட்டினி போடுவது மாதிரி தெரிந்தால் நீங்களே பஞ்சாயத்து பண்ணாமல் முதியோர் உதவி எண் 14567-க்குப் பேசுங்கள்.

கெடிலக்கரை:

கடலூரில் இந்தப் பேச்சு மழையைத் தொடாமல் முடியக் கூடாது. 2011 டிசம்பர் 30 'தானே' புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், அதற்கடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. ஒவ்வொரு முறையும் நிவாரணப் பொட்டலத்துக்கு ஆள் இருந்தது, படுக்கையில் இருப்பவரைத் தூக்க ஆளைத் தேட வேண்டியிருந்தது.

உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் செப்டம்பருக்குள் நான்கு வரி எழுதி வையுங்கள்: தரைத்தளமா மாடியா, தூக்க எந்த நான்கு பேர், எந்த வீட்டு மாடிக்கு, என்ன மருந்து. பத்து நாள் மருந்தும் மருத்துவச் சீட்டின் நகலும் ஜிப் கவரில். கரண்ட் போனால் ஏர் பெட் மோட்டார் நின்று காற்று இறங்கும், அதனால் கனமான ஃபோம் மெத்தை ஒன்றாவது பங்கில் இருக்கட்டும். இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் இல்லையென்றால் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈரமணல், மேலே ஈரத்துணி. மூக்கில் ஆக்ஸிஜன் இயந்திரம் வைத்திருப்பவரைப் புயல் கரையேறுவதற்கு முந்தைய நாளே ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும், அன்றைக்கு ஆம்புலன்ஸ் வராது.

பழைய துணி சேகரிக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைச் சாலையோரம் குவிந்து கிடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நைட்டி, கைலி, உள்ளாடை புதிதாக, நாப்கின் கறுப்புக் கவரில், பாய், கொசுவத்தி, தீப்பெட்டி. முதல் இரண்டு நாள் சமைத்த சாப்பாடு, மூன்றாம் நாளிலிருந்து அரிசி, பருப்பு, அடுப்பு. தொடர்ந்து பொட்டலமே கொடுத்தால் ஜனங்கள் வரிசையிலேயே நிற்க வேண்டியிருக்கும், வீட்டைக் கழுவ எப்போது போவார்கள்? ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்கான உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் கொடுத்தால் ஒரு பொட்டலம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு, 24 மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்ட வேண்டும் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். டம்ளரில் பாதியைக் கொட்டிக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு அதிகமாகிவிடும்.

மஞ்சக்குப்பம்_அன்பியம்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று கூடிப் பேசினோம். செவ்வாய், வெள்ளி கஞ்சி, முதல் மாதம் 60 பேருக்கு மட்டும். ஒரு கேன் வாசலில், ஒரு கேன் பிரசவ வார்டுப் பக்கம். அனுமதிக் கடிதம் எழுதியாகிவிட்டது, கிழமை போட்டு. மாலைக் குழு ஆறு பேர் மூன்று ஜோடி, ஜோடிக்கு இரண்டு வீடு. மருந்துக் கடைக்கு மாதம் 1,200 வரம்பு, 500 தொடாத பணம். வசனச் சீட்டு பற்றி முக்கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்தது (லுத்தரன் ஐயா சொன்ன மாதிரியே), கடைசியில் வேண்டாம் என்று ஆனது. பங்குத்தந்தையும் அதையே சொன்னார்.

இரண்டு சின்னக் கேள்வி, முதுநகர் அக்காவுக்கு. பங்கு அண்டா அலுமினியம், பரவாயில்லையா? அறுபது பேருக்கு எல்லாவற்றையும் அப்படியே பங்கு போட்டுக் குறைத்தால் போதுமா?

முதுநகர்_அடுப்படி:

கஞ்சிக்கு அலுமினியம் பரவாயில்லை, காய்ச்சினதும் கேனுக்கு மாத்திடுங்க. துவையலை மட்டும் அதில் வைக்காதீங்க, புளி அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வர் டப்பா.

அளவு: நொய் 1 கிலோ 800, பருப்பு 300 கிராம், வெந்தயம் 30, பூண்டு 120, உப்பு 90. தண்ணி மட்டும் அப்படியே குறைக்காதீங்க. அகலமான அண்டாவில் கொஞ்சமா காய்ச்சினா ஆவியாப் போறது அதிகம். அண்டாவில் 17 லிட்டர், தனியா கொதிநீர் 3 லிட்டர். கொதி வர அரை மணிதான் ஆகும், 4.45-க்கு அடுப்பு பத்த வெச்சாப் போதும்.

முதல் செவ்வாய்னா திங்கள் ராத்திரி வெந்தயம் ஊறப் போடுறது யாருன்னு பேர் எழுதிட்டீங்களா? பங்குச் சமையலறைச் சாவி யார்கிட்ட இருக்கும்னும் எழுதிக்குங்க. நாலரை மணிக்குச் சாமியாரை எழுப்பாதீங்க.